ஃபார்வர்ட் செய்யும் முன் மீண்டும் ஒருமுறை பார்ப்போம்

விண்வெளி பற்றி ஒரு செய்தி வந்துவிட்டால், "இதைக் குர்ஆன் அன்றே சொல்லிவிட்டது" என்ற வாட்ஸ்அப் பதிவு மறுநாளே நம் வீடுகளுக்கு வந்துவிடுகிறது. அதைப் பிறருக்கு அனுப்பும் முன் நாம் நிதானிக்க வேண்டும். ஏன் என்பதற்கு ஓர் உதாரணம்.

சுமார் 2 லட்சம் ஒளியாண்டு தொலைவில் 'சிறிய மெகல்லன் மேகம்' என்ற சிறு கேலக்ஸி உள்ளது. அங்கே என்.ஜி.சி. 346 என்ற பகுதியில் இன்றும் நட்சத்திரங்கள் உருவாகின்றன. கார்பன், இரும்பு போன்ற தனிமங்கள் அங்கு குறைவு. பிரபஞ்சத்தின் ஆரம்ப காலத்திலும் நிலைமை அப்படித்தான் இருந்தது. எனவே அந்தக் காலத்தை அறிய அது உதவுகிறது.

புதிய நட்சத்திரத்தைச் சுற்றி வாயுவும் தூசியும் தட்டு போலச் சுழலும். கோள்கள் அதிலிருந்தே உருவாகின்றன. இத்தகைய இடங்களில் அந்தத் தட்டு 20, 30 லட்சம் ஆண்டுகளில் கலைந்துவிடும் என்றே கருதப்பட்டது. ஆனால் 2000களின் நடுவில், 2 முதல் 3 கோடி ஆண்டு வயதான, சூரியனை ஒத்த நட்சத்திரங்களிலும் தட்டு நீடிப்பதற்கான அடையாளத்தை ஹப்பிள் தொலைநோக்கி காட்டியது. பலர் நம்பவில்லை. அவை மங்கலானவை, சுற்றியுள்ள வாயுவின் ஒளியும் குழப்பக்கூடியது.

2021 டிசம்பரில் ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் கண்ணாடி 6.5 மீட்டர், ஹப்பிளுடையது 2.4 மீட்டர். வெப், அந்த நட்சத்திரங்களின் ஒளியைத் தனித்தனியே பிரித்து ஆராய்ந்தது. 2024 டிசம்பரில் முடிவு வெளியானது: ஹப்பிள் கண்டது சரி. பழைய கருத்தைத்தான் திருத்த வேண்டியதாயிற்று.

அந்தப் பழைய கருத்துக்கு நாம் ஓர் ஆயத்தை ஆதாரமாகக் காட்டியிருந்தால்? நம் பிள்ளை இன்று சந்தேகிப்பது நம் விளக்கத்தை அல்ல, அல்லாஹ்வின் வேதத்தையாக இருக்கும். அந்தப் பழி யாரைச் சேரும்?

கி.பி. 964இல் அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி, ஆண்ட்ரோமெடாவை ஒரு சிறு மேகம் என்று பதிவு செய்தார். கண்ணுக்குத் தெரிந்ததை எழுதினார், தெரியாததைச் சேர்க்கவில்லை. அது ஒரு கேலக்ஸி என்பது பல நூற்றாண்டுகளுக்குப் பிறகே தெளிவானது. அவருடைய பதிவு இன்றும் மதிக்கப்படுகிறது.

வானத்தை ஒருமுறை பார்த்ததோடு நிறுத்தாமல் திரும்பவும் பார்க்கச் சொல்கிறது சூரா அல்முல்க். பிள்ளைகளுக்கு அந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொடுப்போம். படைத்தவனின் வல்லமைக்கு நம் அவசரம் தேவையில்லை.

அல்லாஹ்வே மிக அறிந்தவன்.