மூளைக்கு ஒரு கார் ரேஸ்!

திரையில் வளைந்து நெளிந்து ஓடும் சாலை. ஜாய்ஸ்டிக்கைப் பிடித்து காரை ஓட்ட வேண்டும். நடுநடுவே பல நிறங்களில் குறியீடுகள் தோன்றும். பச்சை வட்டம் வந்தால் மட்டும் பட்டனை அழுத்த வேண்டும்.

சின்னப் பிள்ளைகளின் விளையாட்டு என்று நினைத்துவிடாதீர்கள். 60 முதல் 85 வயது வரையிலானவர்களை ஆடவைத்த 'நியூரோரேஸர்' இது. சான் ஃபிரான்சிஸ்கோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் மூளை விஞ்ஞானி ஆடம் கஸாலியின் குழு உருவாக்கியது.

ஆளுக்கேற்ப மாறும் ஆட்டம்

பெரியவர்களிடம் ஒரு புதிரைக் கொடுத்தால், சுலபமாக இருந்தால் சலித்துவிடும். கஷ்டமாக இருந்தால், 'இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு?' என்று ஒதுக்கிவிடுவார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் தொழில்நுட்பம் கைகொடுக்கிறது. நன்றாக ஆட ஆட, ஆட்டம் கடினமாகும். தடுமாறினால் தானாகவே எளிதாகும். பேரனோடு போட்டி இல்லை. நேற்றைய தன்னோடுதான் போட்டி!

வாரத்துக்கு 3 நாள், தினம் 1 மணி நேரம், ஒரு மாதம். அவ்வளவுதான் பயிற்சி. முடிவில், ஒரே நேரத்தில் இரண்டு வேலைகளைக் கவனிப்பதில், ஆடிப் பழகாத 20 வயதுக்காரர்களையே அவர்கள் மிஞ்சினார்கள். 6 மாதம் கழித்தும் அந்தத் திறன் குறையவில்லை. 2013-ல் 'நேச்சர்' இதழ் இதை அட்டைப்படக் கட்டுரையாக வெளியிட்டது.

10 ஆண்டுகள் கழித்தும்...

அந்த ஆய்வில் கலந்துகொண்ட முதியவர்கள் 50 பேருக்கும் குறைவுதான். ஆனால், அமெரிக்காவின் 'ஆக்டிவ்' ஆய்வில் 65 வயது தாண்டிய 2,832 பேர் பங்கேற்றார்கள். ஒரு குழுவுக்கு ஞாபகசக்திப் பயிற்சி, இன்னொன்றுக்குப் பகுத்தறியும் பயிற்சி. மூன்றாவது குழுவுக்கு, அவரவர் திறனுக்கேற்ப மாறும் கம்ப்யூட்டர் வேகப் பயிற்சி. 10 ஆண்டுகளுக்குப் பிறகு பார்த்தபோது, ஞாபகசக்திப் பயிற்சியின் பலன் மறைந்திருந்தது. மற்ற இரண்டின் பலன் நிலைத்திருந்தது.

விளம்பரத்தில் மயங்காதீர்கள்

அதற்காக, 'மறதி நோயைத் தடுக்கும்' என்று சொல்லும் எல்லா ஆப்களையும் நம்பிவிட முடியாது. போதிய ஆதாரமில்லாமல் அப்படி விளம்பரம் செய்த புகாரில், 'லுமோசிட்டி' நிறுவனம் 2016-ல் 20 லட்சம் டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது.

வீட்டில் என்ன செய்யலாம்?

* ஆட்டத்தின் நிலை தானாக மாறுகிறதா என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.
* எழுத்து பெரிதாக, சத்தம் தெளிவாக இருக்கட்டும்.
* முதல் சில நாட்கள் பக்கத்தில் உட்காருங்கள். மதிப்பெண்ணைச் சொல்லிக் கேலி செய்யாதீர்கள்.
* நடைப்பயிற்சியையும் நாலு பேருடன் பேசுவதையும் விட்டுவிட வேண்டாம்.
* பழகிய வழியோ, அன்றாட வேலையோ மறந்துபோனால் ஆப்பைத் தேடாதீர்கள். டாக்டரிடம் அழைத்துச் செல்லுங்கள்.