மூச்சின் கணக்கு

கண்டி வாவிக்கரையில் அதிகாலையில் உலாவுவோர் ஆண்டின் முதல் மாதங்களில் ஓர் இனிய காட்சியைக் காண்பர். பாடசாலைகளில் இல்ல மெய்வல்லுநர் போட்டிகள் நெருங்கும் காலம் அது. ஏறக்குறைய இரண்டு மைல் சுற்றளவுடைய அவ்வாவியைச் சுற்றிச் சிறுவரும் சிறுமியரும் மூச்சிரைக்க ஓடிக்கொண்டிருப்பர். 1948 ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக் விழாவில் 400 மீற்றர் தடைதாண்டி ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் வென்ற டங்கன் வைற் கண்டித் திரித்துவக் கல்லூரியிற் பயின்றவர். அத்தகைய வீரர் இன்னொருவர் இக்கூட்டத்தில் இருக்கக்கூடும் என்று எண்ணும்போது உள்ளம் பூரிக்கின்றது.

ஆயினும், அக்கூட்டத்தின் பின்னால் நடந்து வரும் பிள்ளையை எத்தனை பேர் கவனிக்கின்றோம்?

சில ஆண்டுகளுக்கு முன்பு என் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். படிப்பிற் சூரன், ஓட்டத்திலோ பாதி வழியில் நடக்கத் தொடங்கிவிடுவான். “சோம்பேறி” என்று பலர் முன்னிலையில் ஒருநாள் அவனைக் கடிந்துகொண்டேன். மறுநாள் அவன் தாயார் வந்தார். கோபம் அவரிடம் இல்லை. “சேர், புள்ள சோம்பேறி இல்லீங்க. ஓடிட்டு வந்த நாளெல்லாம் ராத்திரி பூராவும் இருமிக்கிட்டே கெடக்கிறான்” என்றார். பின்னர் வைத்தியர் அவனை ஒரு குழாயில் ஊதச் செய்தார். சிறிது நேரம் ஓடச் செய்தார். மீண்டும் ஊதச் செய்தார். இரண்டாவது முறை அளவு வெகுவாகக் குறைந்திருந்தது. தேகப்பயிற்சியினால் தூண்டப்படும் ஆஸ்த்துமா அது. அன்று நான் வெட்கித் தலைகுனிந்தேன். பிள்ளைகளின் மூச்சைப் பற்றி அறிந்துகொள்ள முற்பட்டதும் அன்றுதான்.

மூச்சுக்கும் சிக்கனம் உண்டு

வரவு செலவு அறிந்து குடும்பம் நடத்துபவரைச் சிக்கனக்காரர் என்கிறோம். உடம்பும் அப்படியே. ஓடும்போது தசைகளுக்குப் பிராணவாயு வேண்டும். அங்கே உண்டாகும் கரியமிலவாயு வெளியேறவும் வேண்டும். (விஞ்ஞான பாடத்தில் மாணவர் இவற்றை ஒட்சிசன், காபனீரொட்சைட்டு என்று படிக்கின்றனர்.) இவ்விரு காரியங்களையும் குறைந்த காற்றைக் கொண்டு முடிப்பதே மூச்சின் சிக்கனம்.

இதற்கு ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். வளர்ந்த ஒருவர் ஓய்வாக இருக்கையில் ஒரு மூச்சில் ஏறக்குறைய 500 மில்லிலீற்றர் காற்றை உள்ளிழுக்கிறார். அதில் சுமார் 150 மில்லிலீற்றர் தொண்டையிலும் மூச்சுக்குழாய்களிலும் தங்கி, நுரையீரலின் சிற்றறைகளை எட்டாமலே திரும்பிவிடுகிறது. நிமிடத்துக்கு 12 முறை அவ்வாறு சுவாசித்தால் மொத்தம் 6 இலீற்றர், பயன்படுவது 4.2 இலீற்றர். அதே 6 இலீற்றரை 24 மேலோட்டமான மூச்சாக, 250 மில்லிலீற்றர் வீதம் இழுத்தால் என்ன ஆகும்? பயன்படுவது 2.4 இலீற்றர் மாத்திரமே! உழைப்போ இரட்டிப்பு, பயனோ ஏறக்குறையப் பாதி. ஆழ்ந்து சுவாசிக்க வேண்டும் என்று நம் பெரியோர் சொன்னதன் உட்பொருள் இக்கணக்கில் தெளிவாகிறது.

பிள்ளைகள் சிறிய பெரியவர்கள் அல்லர்

இக்கணக்கை அளக்க முயன்ற வரலாறு சுவையானது. 1911 இல் டக்ளஸ் என்ற ஆங்கில அறிஞர், வெளிவிடும் மூச்சைச் சேகரிப்பதற்கு ஒரு பெரிய பையை அமைத்தார். நோபல் பரிசு பெற்ற ஏ. வி. ஹில் அத்தகைய பையை முதுகிற் சுமந்துகொண்டு தாமே ஓடிப் பரிசோதித்தார். 1938 இல் அமெரிக்காவில் சிட் ரொபின்சன் 6 வயதுச் சிறுவன் முதல் 91 வயது முதியவர் வரை ஆராய்ந்தார். 1952 இல் சுவீடன் தேசத்து ஒஸ்ட்ரான்ட், சிறுவர் சிறுமியரின் உழைக்கும் ஆற்றலை விரிவாக அளந்து நூல் வெளியிட்டார்.

இவ்வாறான ஆராய்ச்சிகளால் தெளிந்த உண்மை ஒன்றுண்டு. சுகதேகியான வளர்ந்தவர் பயிற்சியின்போது ஒரு இலீற்றர் கரியமிலவாயுவை வெளியேற்ற ஏறக்குறைய 25 முதல் 30 இலீற்றர் காற்றைச் சுவாசிக்கிறார். சிறு பிள்ளைக்கு அதைவிடக் கூடுதலான காற்று தேவைப்படுகிறது. பிள்ளையின் மூச்சு சிறியது, விரைவானது; கரியமிலவாயு சற்றே கூடினாலும் உடனே மூச்சை விரைவுபடுத்தும் இயல்பும் பிள்ளைக்கு உண்டு. வளர வளர இத்தேவை குறைந்து, கட்டிளமைப் பருவத்தின் முடிவில் பெரியவர்களின் அளவை அடைகிறது. ஆகவே பத்து வயதுப் பிள்ளை நம்மைவிட விரைந்து மூச்சு வாங்குவதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அவனை அவன் வயதும் உடலளவும் உடைய பிள்ளைகளோடுதான் ஒப்பிட வேண்டும்.

இன்றைய சோதனை

இன்று பை போய், நுண்ணிய கருவிகள் வந்துவிட்டன. பிள்ளை முகமூடி அணிந்து சைக்கிளை மிதிக்கிறது, அல்லது ஓடும் பட்டியின் மீது நடக்கிறது. சுமை படிப்படியாகக் கூடுகிறது. ஏறக்குறைய பத்து நிமிடத்தில் சோதனை முடிந்துவிடும். ஒவ்வொரு மூச்சிலும் உள்ள வாயுக்களைக் கருவி அளக்கிறது. இருதயத் துடிப்பும் இரத்தத்திலுள்ள பிராணவாயுவும் உடனுக்குடன் பதிவாகின்றன.

இதில் ஒரு சங்கடம் உண்டு. முழு ஆற்றலையும் காட்டும் வரை மிதிக்குமாறு சொன்னாலும் பிள்ளைகள் சலித்துப்போய் இடையில் நிறுத்திவிடுவர். இதற்கு ஜப்பானிய வைத்தியர் பாபாவும் அவர் குழுவினரும் 1996 இல் வழி கண்டனர். இருதய நோயுள்ள பிள்ளைகளை ஆராய்ந்த அவர்கள், சுவாசிக்கும் காற்று பெருகுகையில் உடம்பு ஏற்கும் பிராணவாயு எவ்வளவு கூடுகிறது என்பதை மடக்கைக் கணித முறையில் ஒரு கோடாக வரைந்தனர். கோடு செங்குத்தாக ஏறினால் மூச்சு நன்கு பயன்படுகிறது என்பது பொருள். சரிந்து கிடந்தால் வீணாகிறது என்பது பொருள். பிள்ளை இறுதிவரை உழைக்காமல் நிறுத்தினாலும் இக்கோட்டைக் கொண்டு பெரும்பாலும் முடிவு கூறலாம் என்பதே இதன் சிறப்பு. நுரையீரலிலா, இருதயத்திலா, பயிற்சிக் குறைவிலா, எதில் குறை என்று பகுத்தறியவும் இச்சோதனை வைத்தியருக்கு உதவுகிறது.

நாம் செய்யக்கூடியவை

அத்தகைய கருவி ஒவ்வொரு பாடசாலைக்கும் வாய்க்காது, வேண்டியதுமில்லை. 1959 இல் ரைட் என்பவர் அறிமுகப்படுத்திய ஊதும் கருவியின் சிறிய, மலிவான வடிவம் இன்று எங்கும் கிடைக்கிறது. அதையும்விட மலிவானவை கண்ணும் காதும். ஓடும் பிள்ளையிடம் பேச்சுக் கொடுங்கள். இதமான ஓட்டத்தில் ஒரு வாக்கியத்தைத் தடையின்றிச் சொல்ல இயலுமானால் வேகம் அளவாக உள்ளது. ஓரிரு சொற்களே வருமாயின் வேகம் மிகுந்துவிட்டது.

ஓட்டத்தின் பின் இருமல் அல்லது இழுப்பு, ஓடும்போது நெஞ்சுவலி, மயக்கம், காரணமற்ற படபடப்பு ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும், அல்லது குடும்பத்தில் எவரேனும் இளவயதிற் திடீரென மரணமடைந்திருந்தாலும், போட்டிக்கு முன் வைத்தியரிடம் காட்டுதல் அவசியம். 2024 மார்ச்சில் கிழக்கிலங்கையிலே திருக்கோவிலில் பாடசாலை மரதன் ஓட்டத்திற் பங்குபற்றிய மாணவன் ஒருவன் உயிரிழந்த செய்தி நம் நெஞ்சை விட்டு அகலவில்லை. நம் பகுதிப் பெற்றோருக்குப் பேராதனையிற் சிறுவர்க்கெனவே ஒரு வைத்தியசாலை இருப்பது பெரும் வாய்ப்பாகும்.

“கண்டி மலைப்பிரதேசம், காற்று மெலிந்ததால் மூச்சு வாங்குகிறது” என்பர் சிலர். அது பொருந்தாது. நகரின் உயரம் ஏறக்குறைய 500 மீற்றர். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட நூற்றுக்கு ஆறு வீதமளவே குறைவு. கவலைக்குரியது வேறு. மலைகள் சூழ்ந்த கிண்ணம்போல் நகர் அமைந்திருப்பதால் வாகனப் புகை எளிதில் வெளியேறுவதில்லை. பாடசாலை தொடங்கும் நேரத்திலும் விடும் நேரத்திலும் வாகனங்கள் அணிவகுத்து நிற்கும் தெருவோரம் ஓட்டப் பயிற்சிக்கு ஏற்ற இடமன்று. தெருவிலிருந்து விலகிய மைதானத்தை நாடுக. பத்து நிமிடமேனும் மெல்ல நடந்தும் ஓடியும் உடம்பைப் பதப்படுத்திய பின்னரே வேகம் கொள்க.

இவற்றைப் படித்துவிட்டுப் பிள்ளைகளை வீட்டில் அடைத்து வைத்துவிடாதீர்கள்! 5 முதல் 17 வயது வரை உள்ளோர் நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடமாவது உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஆஸ்த்துமா உள்ள பிள்ளைக்கும் இது பொருந்தும். வைத்தியர் சொன்ன மருந்தைச் சொன்ன நேரத்தில் உட்கொண்டால் அவனும் ஓடலாம்.

என் மாணவனும் ஓடினான். மறு ஆண்டு வைத்தியர் கொடுத்த மருந்தை முன்னதாகவே உள்ளிழுத்துவிட்டு, ஓட்டத்தின் எந்த இடத்திலும் நடக்காமல் ஓடி முடித்தான். பரிசு எதுவும் அவனுக்குக் கிடைக்கவில்லை. ஆனால் எல்லைக்கோட்டருகே நின்றிருந்த என்னை அவன் நிமிர்ந்து பார்த்த பார்வையில், முந்திய ஆண்டில் நான் சொன்ன சொல்லுக்கு மறுமொழி இருந்தது.

பின்தங்கி வரும் பிள்ளையைக் கடிந்துகொள்ளுமுன், அவன் மூச்சைச் சற்றே உற்றுக் கேளுங்கள்.