சான்றுப் பட்டியல் எழுதும் கணிப்பொறி

மருத்துவ ஆய்விதழ் ஒன்றைப் புரட்டிப் பார்த்திருக்கிறீர்களா? வாக்கியங்களின் இறுதியில் 1, 2, 3 என்று சிறிய எண்கள் காணப்படும். கட்டுரையின் முடிவில் அதே எண்களின் வரிசையில் ஒரு பட்டியல் இருக்கும். ‘இச்செய்தியை இன்னார், இன்ன ஆண்டில், இன்ன இதழில் எழுதியுள்ளார், ஐயமிருந்தால் எடுத்துப் பாருங்கள்’ என்று ஆசிரியர் வாசகருக்கு வழிகாட்டுவது அப்பட்டியல். இன்று அதைப் பெரும்பாலும் கணிப்பொறியே எழுதித் தருகிறது. எவ்வாறு எழுதுகிறது, எதை அதனால் செய்ய இயலாது என்பதை இங்கே காண்போம்.

வான்கூவர் முறை

ஒரு காலத்தில் ஒவ்வோர் இதழும் தனக்கென்று ஒரு முறையை வைத்திருந்தது. ஓர் இதழ் ஏற்காத கட்டுரையை மற்றோர் இதழுக்கு அனுப்ப வேண்டுமானால் பட்டியல் முழுவதையும் மீண்டும் தட்டச்சு செய்ய வேண்டும். இத்தொல்லையைத் தீர்க்க 1978-ஆம் ஆண்டு மருத்துவ இதழாசிரியர்கள் சிலர் கனடா நாட்டின் வான்கூவர் நகரில் கூடினர். அவர்கள் வகுத்த விதிகள் 1979-இல் வெளியாயின. சான்றுகளை எழுதும் அமைப்பை அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் உருவாக்கித் தந்தது. ‘வான்கூவர் முறை’ என்னும் பெயர் இவ்வாறு வந்தது.

ஓர் எடுத்துக்காட்டைத் தமிழில் எழுதிப் பார்ப்போம்:

போர்ட்டர் ஜே, ஜிக் எச். போதை மருந்து அளிக்கப்பட்ட நோயாளிகளிடம் அடிமைப்பழக்கம் அரிது. நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ். 1980;302(2):123.

முதலில் ஆசிரியர் பெயர்; முதலெழுத்துக்குப் புள்ளி இல்லை. அடுத்து தலைப்பு, இதழின் பெயர், ஆண்டு. கடைசியில் இருப்பது 302-ஆம் தொகுதி, 2-ஆம் இதழ், 123-ஆம் பக்கம். உண்மையான பட்டியலில் இதழின் பெயரையும் சுருக்கியே எழுதுவர்.

எண்களுக்கும் ஒரு விதி உண்டு. கட்டுரையில் எந்தச் சான்று முதலில் வருகிறதோ அதற்கு 1, அடுத்ததற்கு 2. அதே சான்று பிறகு மீண்டும் வந்தால் பழைய எண்ணே. முப்பது சான்றுகள் உள்ள கட்டுரையில் மூன்றாவதற்கு அடுத்துப் புதிதாக ஒன்றைச் சேர்த்தால் என்ன ஆகும்? அதற்குப் பின்னுள்ள 27 எண்களும் மாறும். கையால் திருத்தும்போது ஓரிடம் தவறினாலும் வாசகர் வேறொரு கட்டுரையைத் தேடிப்போவார்.

மென்பொருள் செய்வது என்ன?

இதற்கான மென்பொருள்கள் பல உள்ளன. எண்ட்நோட் 1980-களில் தோன்றியது. அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் உருவான ஸோட்டெரோ 2006-இல் வெளிவந்தது. அதை இலவசமாகப் பெறலாம்.

இவற்றின் அடிப்படை எளிது. ஆசிரியர், தலைப்பு, இதழ், ஆண்டு, தொகுதி, பக்கம் ஆகியவற்றைத் தனித்தனிக் கட்டங்களில் ஒருமுறை பதிவு செய்கிறோம். கட்டுரைக்குள் நாம் எண்ணை எழுதுவதில்லை. ‘இங்கே இன்ன பதிவு’ என்னும் மறைகுறியை வைக்கிறோம். மென்பொருள் தொடக்கத்திலிருந்து மறைகுறிகளை எண்ணி எண்களை இடுகிறது. புதிய சான்று நடுவில் நுழைந்தால் மீண்டும் எண்ணிவிடுகிறது. புள்ளி எங்கே, ஆறு ஆசிரியரா மூவரா என்ற விதிகள் தனிக் கோப்பில் உள்ளன. ஸோட்டெரோவில் இத்தகைய விதிக்கோப்புகள் பத்தாயிரத்துக்கும் மேல் உண்டு. இதழ் மாறினால் கோப்பை மாற்றினால் போதும். ஒரே நீளத்தை மீட்டரிலும் சொல்லலாம், அடியிலும் சொல்லலாம். நீளம் மாறுவதில்லை அல்லவா? அதைப் போன்றதே இதுவும்.

ஆயினும் கட்டத்தில் இட்டதுதான் பட்டியலில் வரும். நம் பெயர்களையே பாருங்கள். மேலைநாட்டாரின் குடும்பப் பெயருக்கென உள்ள கட்டத்தில் நாம் எதை இடுவது? முருகனின் மகன் செல்வன், ஒரு கட்டுரையில் ‘செல்வன் மு’ என்றும் மற்றொன்றில் ‘முருகன் செ’ என்றும் பதிவானால், ஒருவரே இருவராகிவிடுவார். இதைக் கண்டு திருத்துவது நம் பொறுப்பு.

வடிவம் சரி, பொருள்?

மேலே நாம் எடுத்துக்கொண்ட சான்று வடிவில் குறையற்றது. ஆனால் அது ஆய்வுக் கட்டுரையன்று; இதழாசிரியருக்கு எழுதப்பட்ட ஐந்தே வாக்கியக் கடிதம். மருத்துவமனையில் தங்கியிருந்தபோது போதை மருந்து பெற்ற 11,882 நோயாளிகளின் பதிவுகளில், முன்பு அப்பழக்கம் இல்லாதிருந்து அடிமையானவர் நால்வரே என்பது அதன் செய்தி. வீட்டில் மாதக்கணக்கில் மாத்திரை உண்பவரைப் பற்றி அது எதுவும் கூறவில்லை.

2017-இல் கனடா நாட்டு ஆய்வாளர்கள் இக்கடிதத்தை மேற்கோள் காட்டிய 608 வெளியீடுகளை ஆராய்ந்தனர். அவற்றுள் 439, அடிமைப்பழக்கம் அரிது என்பதற்கு இதையே ஆதாரமாகக் காட்டின. அவர்கள் மருத்துவமனையில் இருந்த நோயாளிகள் என்பதை 491 வெளியீடுகள் குறிப்பிடவே இல்லை. அமெரிக்காவில் 1999 முதல் பல லட்சம் பேர் இவ்வகை மருந்துகளின் மிகையால் இறந்துள்ளனர். காரணங்கள் பல, சரிபாராமல் காட்டிய இம்மேற்கோளும் அவற்றுள் ஒன்று என்பது அந்த ஆய்வாளர்களின் கருத்து. 2017-இல் அவ்விதழும் கடிதத்தின் இணையப் பதிப்பில் ஓர் எச்சரிக்கைக் குறிப்பைச் சேர்த்தது.

அந்த 608 பட்டியல்களிலும் புள்ளிகளும் எண்களும் சரியாக இருந்திருக்கலாம். ஒரு சான்று பின்னர் திரும்பப் பெறப்பட்டிருந்தால் ஸோட்டெரோ 2019 முதல் அதை அறிவிக்கிறது. ஆனால் சான்றை நாம் படித்தோமா, அது நாம் சொல்வதைத்தான் சொல்கிறதா என்று எந்த மென்பொருளும் கேட்பதில்லை.

எனவே மாணவர்களே, உங்கள் செய்முறை அறிக்கைக்குப் பட்டியல் அமைக்கும்போது எண்ணிடும் வேலையைக் கணிப்பொறியிடம் விட்டுவிடுங்கள். அதனால் மிச்சமாகும் நேரத்தில் ஒவ்வொரு சான்றையும் திறந்து மூன்று கேள்விகள் கேளுங்கள்: யாரை ஆராய்ந்தார்கள்? எவ்வளவு காலம்? என்ன கண்டார்கள்? விடை கிடைக்காத சான்றைப் பட்டியலில் சேர்க்காதீர்கள்.