கடிவாளம் போட்டால் யாளி வீட்டு விலங்காகுமா?

கற்பனை விலங்குகளின் கதை – 12

‘ஹவுஸ் ஆஃப் தி டிராகன்’ தொடரைப் பார்த்த யாருக்கும் ஒரு சந்தேகம் வரும். அரச குடும்பத்தார் டிராகன்மேல் சேணம் பூட்டிப் பறக்கிறார்கள். ‘கக்கு’ என்றால் அது நெருப்பைக் கக்குகிறது. ஆனால் முதல் பருவத்தின் கடைசியில், மேலே இருப்பவன் வேண்டாம் வேண்டாம் என்று கத்தக் கத்த, கிழட்டு டிராகன் ஒன்று எதிரே வந்த சிறுவனை அவன் வாகனத்தோடு கடித்துக் குதறிவிடுகிறது. இது காட்டு விலங்கா, வளர்ப்பு விலங்கா? இந்த வழக்குக்கு நம் புதுக்கோட்டை மாவட்டத்திலேயே சாட்சிகள் உண்டு.

முதல் சாட்சி, யாளி. சங்கப் பாடல்களில் அது முழுக்க முழுக்கக் காட்டு மிருகம், யானையையே வேட்டையாடும். பிறகு அது கோயிலுக்குள் வந்தது. கொடும்பாளூரில் 10-ஆம் நூற்றாண்டில் இருக்குவேளிர் தலைவன் பூதி விக்கிரமகேசரி எடுப்பித்த மூவர் கோயிலில், அதிட்டானம் என்னும் அடித்தளத்தைச் சுற்றி யாளி வரி ஓடுகிறது. காட்டில் தனியாகத் திரிந்தது, இங்கே வரிசையில் நிற்கிறது.

நாயக்கர் காலத்துத் தூண்களிலோ அதன்மேல் ஆளே ஏறியிருக்கிறான். மதுரை புது மண்டபம் போன்ற இடங்களில் தூணோடு தூணாகப் பின்னங்கால்களில் எழுந்து நிற்கும் யாளிகளை நெருங்கிப் பாருங்கள். பிதுங்கிய கண், சுருள் பிடரி, வெளியே நீண்ட கோரைப் பல். சிலவற்றின் வாய்க்குள் கல் உருண்டை. விரலால் உருட்டலாம், வெளியே எடுக்க முடியாது. முதுகில் வீரன். கடிவாளத்தை அவன் இறுக்கிப் பிடித்திருக்கிறான். அந்தப் பிடியைப் பார்த்தாலே தெரியும், யாளியை அவன் நம்பவில்லை.

இரண்டாவது சாட்சி ஆவுடையார்கோயிலில், அதாவது திருப்பெருந்துறையில் இருக்கிறது. அரிமர்த்தன பாண்டியன் குதிரை வாங்கக் கொடுத்த பணத்தை மாணிக்கவாசகர் கோயிலுக்குச் செலவழித்த தலம் இது. குதிரைச் சேவகனாக வந்த சிவபெருமானுக்கும் இங்கே சிற்பம் உண்டு. காட்டு நரிகளைப் பரிகளாக்கி அவர் மதுரைக்கு ஓட்டிச் சென்றார். மன்னனும் மகிழ்ந்து லாயத்தில் கட்டினான். இரவோடு இரவாக அவை மறுபடி நரிகளாகி, பழைய குதிரைகளைக் கடித்துவிட்டு ஓடிப்போயின. புராணம் சொல்ல வந்தது ஈசனின் திருவிளையாடல். விலங்கு வளர்ப்போருக்கு அதில் ஒரு பாடமும் இருக்கிறது: உருவம் மாறினாலும், லாயத்தில் கட்டினாலும், சுபாவம் ஒரே நாளில் மாறிவிடாது.

அது மாற எவ்வளவு காலம் ஆகும்? ரஷ்ய விஞ்ஞானி திமித்ரி பெல்யாயெவ் 1959-இல் சைபீரியாவில் நரிகளை வைத்தே இதைச் சோதிக்கத் தொடங்கினார். ஒவ்வொரு தலைமுறையிலும் மனிதரைக் கண்டு மிரளாத, கடிக்க வராத குட்டிகளை மட்டும் தேர்ந்து இனப்பெருக்கம் செய்ய வைத்தார். சில தலைமுறைகளிலேயே நாயைப் போல வாலாட்டும் நரிகள் பிறந்தன. சிலவற்றுக்குக் காதும் தொங்கியது. பழக்குவது ஒரு விலங்கோடு முடிந்துவிடும். வளர்ப்பினம் ஆக்குவதற்கோ தலைமுறை தலைமுறையாக யார் யாரோடு சேர வேண்டும் என்பதை மனிதன் தீர்மானித்தாக வேண்டும். கோயில் யானை ஆசீர்வாதம் செய்தாலும் இந்தக் கணக்கில் அது வளர்ப்பினம் இல்லை. பழக்கப்பட்ட காட்டு விலங்குதான்.

மூன்றாவது சாட்சி ஜல்லிக்கட்டுக் காளை. ஆண்டின் முதல் ஜல்லிக்கட்டு வழக்கமாக நடப்பது இதே மாவட்டத்துத் தச்சங்குறிச்சியில். விராலிமலையில் 2019 ஜனவரி 20 அன்று 1,300-க்கும் மேற்பட்ட காளைகள் அவிழ்த்துவிடப்பட்டு உலக சாதனையானது. வாடிவாசலில் இருந்து சீறி வரும்போது அதைக் காட்டு விலங்கு என்று சத்தியமே செய்யலாம். ஆனால் அதே காளையை வீட்டில் ஒரு சிறு பிள்ளை கயிற்றைப் பிடித்துத் தண்ணிக்கு ஓட்டிப் போகும். அது அசல் வளர்ப்பினம். அந்தச் சீற்றமே மனிதன் தேர்ந்தெடுத்து வளர்த்ததுதான்.

ஆக, சீற்றத்தை வைத்துக் காட்டு விலங்கு என்றும் சொல்ல முடியாது. சேணத்தை வைத்து வீட்டு விலங்கு என்றும் சொல்ல முடியாது. குட்டி யாருடைய பொறுப்பில், யாருடைய விருப்பப்படி பிறக்கிறது என்று கேளுங்கள். யாளிக்குப் பட்டி போட்டு, இனம் பார்த்துப் பெருக்கியதாக எந்தத் தூணும் காட்டவில்லை. எனவே என் தீர்ப்பு: யாளி வீட்டு விலங்கு அல்ல, பழக்கப்பட்ட காட்டு விலங்கு. டிராகனுக்கு முட்டையை அடைகாத்து வளர்க்கும் அரண்மனை இருக்கிறது. அதனால் அது பாதி தூரம் வந்திருக்கிறது, மீதி தூரம் வரவில்லை.

உங்கள் ஊர்க் கோயில் யாளியின் மேல் ஆள் இருக்கிறானா, கையில் கடிவாளம் இருக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள். அடுத்த வாரம், பாதி மீனும் பாதி யானையுமான மகரத்தைப் பார்ப்போம்.

(தொடரும்)