கர்லாக்கட்டையும் கேள்வித்தாளும்

வடசென்னையின் பழைய தேகப்பயிற்சிக் கூடங்களில் பழகியவர்களுக்கு அந்த வாசனை மறக்காது. துருவேறிய இரும்பு, வியர்வை, ஆஞ்சநேயர் படத்துக்கு முன் கொளுத்திய கற்பூரம் எல்லாம் கலந்த வாசனை. செருப்பை வெளியே கழற்றிவிட்டு, தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் உள்ளே போவார்கள். புதிதாகச் சேர்ந்த பையனை மாஸ்டர் உடனே எடை தூக்க விடமாட்டார். தண்டாலும் பஸ்கியும் எடுத்து உடம்பு படிந்த பிறகுதான் கர்லாக்கட்டை, அதற்குப் பிறகுதான் இரும்பு.

மாஸ்டரிடம் சான்றிதழ் இருக்காது. அவர் உடம்புதான் சான்று. ஆணழகன் போட்டிகளில் வாங்கிய கேடயங்கள் சாட்சி. பகலில் துறைமுகத்திலோ ரயில்வே பணிமனையிலோ வேலை பார்ப்பார். விடியலிலும் மாலையிலும் கூடத்தில் இருப்பார். மாதக் காசு கொடுக்க முடியாத பையனையும் திருப்பி அனுப்பமாட்டார். சாப்பாட்டு விஷயத்தில் அவர் சொல்வதெல்லாம் ஊறவைத்த கொண்டைக்கடலை, முட்டை, நேரத்துக்குத் தூக்கம். வலிக்கிறது என்றால், "வலிக்கத்தான் செய்யும், எடு" என்பார்.

முறையான உடற்கல்வி நமக்குப் புதிதல்ல. ஹாரி குரோ பக், சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கியது 1920-இல். ஆனால் அங்கே படித்தவர்கள் பெரும்பாலும் பள்ளி, கல்லூரி மைதானங்களுக்குப் போனார்கள். தெருமுனைக் கூடத்துக்கும் அந்தப் படிப்புக்கும் நடுவே பாலம் இல்லை.

இல்லாதது பெரிய குறையாகவும் தெரியவில்லை. அன்று கூடத்துக்கு வந்தவர்கள் இருபது வயது இளைஞர்கள். தப்பாகத் தூக்கினாலும் தாங்குகிற உடம்பு அவர்களுக்கு இருந்தது. இன்று வருபவர்களைப் பாருங்கள். சுகர் மாத்திரை போடும் நாற்பத்தைந்து வயதுக்காரர், பிரசவம் முடிந்து ஆறு மாதமான பெண், முட்டி வலியோடு மாடிப்படி ஏறும் அம்மா, இதயத்தில் ஸ்டென்ட் வைத்துக்கொண்ட ஓய்வுபெற்ற ஊழியர். இவர்களிடம் "வலிக்கத்தான் செய்யும், எடு" என்று சொல்வது ஆபத்து. பயிற்சியாளர் படித்தாக வேண்டிய கட்டாயம் இங்கேதான் பிறந்தது.

அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி என்ற அமைப்பு 1975-இலேயே உடற்பயிற்சித் துறைக்குச் சான்றிதழ் தரத் தொடங்கிவிட்டது. இன்று நம்மூர் இளைஞர்கள் எழுதும் 'ஏஸ்' என்ற பயிற்சியாளர் தேர்வை நடத்தும் அமைப்பு 1985-இல் தொடங்கியது. அந்தத் தேர்வை எழுத 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். இதயம் நின்றுபோனவருக்கு ரத்த ஓட்டத்தைத் தக்கவைக்கும் சி.பி.ஆர். முதலுதவியில் தேறியிருக்க வேண்டும். 150 கேள்விகள், 3 மணி நேரம். தேறினாலும் ஆயுளுக்கும் செல்லாது. 2 ஆண்டுக்கு ஒருமுறை 20 மணி நேரம் மேற்கொண்டு படித்துப் புதுப்பிக்க வேண்டும். இந்தியாவிலும் தேசியத் திறன் வளர்ப்புத் திட்டத்தின் கீழ் உடற்பயிற்சியாளருக்கான படிப்பு வந்துவிட்டது.

இந்தப் படிப்பு தந்த பெரிய கொடை, எடையைக் கையில் கொடுப்பதற்கு முன் கேள்வி கேட்கும் பழக்கம். இதய நோய் உண்டா, நெஞ்சு வலி வந்திருக்கிறதா, தலைசுற்றல் வருமா, மூட்டில் கோளாறா, மருந்து ஏதும் சாப்பிடுகிறீர்களா? ஒன்றுக்கு 'ஆம்' என்று பதில் வந்தாலும், முதலில் டாக்டரைப் பார்த்துவிட்டு வரச் சொல்ல வேண்டும். நோய்க்கு மருந்து சொல்வது தன் வேலையல்ல என்ற எல்லையையும் இந்தப் படிப்பு கற்றுத்தருகிறது.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து ஜிம்கள் மூடியபோது, சம்பளம் நின்ற பயிற்சியாளர்கள் பலர் செல்போன் திரையில் வகுப்பெடுத்தார்கள். பிறகு வீடுகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் பூங்காக்களுக்கும் போனார்கள். இன்று தனித்துத் தொழில் செய்பவரின் நாள் விடிவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. வண்டியில் ஒரு மேட், ரப்பர் பேண்டுகள், இரண்டு டம்பெல். காலையில் மூன்று நான்கு வீடு, மாலையில் அதேபோல். பயிற்சி பெறுபவர் ஊருக்குப் போய்விட்டால் அன்றைய வரும்படி போயிற்று. பி.எஃப். இல்லை, ஈ.எஸ்.ஐ. இல்லை. அன்றைய மாஸ்டருக்குக் கூடமும் கேடயமும் பெயர் வாங்கித் தந்தன. அறியாதவர் வீட்டு அழைப்புமணியை அடிக்கும் இவருக்குச் சான்றிதழ்தான் முதல் அறிமுகம்.

ஆனாலும் தாள் மட்டும் போதாது. இரண்டே நாளில் சான்றிதழ் தரும் வகுப்புகளும் இருக்கின்றன. ஊசி போட்டு உடம்பை ஊதவைக்கும் ஆட்களும் இருக்கிறார்கள். மாஸ்டருக்குத் தன் பையன்கள் ஒவ்வொருவரின் வீட்டு நிலைமையும் தெரியும். ஒருவன் இரண்டு நாள் வராவிட்டால் ஆளனுப்பி விசாரிப்பார். அந்த அக்கறையை எந்தத் தேர்விலும் மதிப்பெண் போட்டு அளக்க முடியாது. அந்த மனசும் இந்தப் படிப்பும் ஒரே ஆளிடம் சேரும்போதுதான் நல்ல பயிற்சியாளர் கிடைக்கிறார்.

பயிற்சியாளரைத் தேடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சான்றிதழைக் கேட்டுப் பாருங்கள், அதன் காலக்கெடுவைப் பாருங்கள். அதற்கும் மேலாக, அவர் உங்களைக் கேள்வி கேட்கிறாரா என்று பாருங்கள். உங்கள் உடம்பைப் பற்றி ஒன்றும் விசாரிக்காமல் எடையை எடுத்துக் கையில் கொடுப்பவரிடம் சேராதீர்கள்.