புல்லை முடிந்து வைத்துப் போனவர்கள்

போன தை மாதம் ஊருக்குப் போயிருந்தேன். ஜமுனாமரத்தூரில் அக்கா வீட்டுத் திண்ணை. ஒன்பதாம் வகுப்பு படிக்கும் அக்கா மகன் செல்போனில் விளையாடிக்கொண்டிருந்தான். திரையில் தாடி வளர்த்த குள்ளன் ஒருவன் கோடாலியோடு சுரங்கத்துக்குள் ஓடினான்.

"யாருடா இவன்?"

"ட்வார்ஃப், மாமா. மலைக்குள்ளதான் இருப்பான். இரும்படிப்பான். கோவம் வந்தா கோடாலியத் தூக்கிடுவான்."

"நம்ம மலையில குள்ளருங்க இருந்தாங்கன்னு ஆயா சொல்லியிருக்குமே?"

"வாலியருங்களா? அது ஆயா கதை மாமா. அவங்கல்லாம் கேம்ல வர மாட்டாங்க."

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவன் சொன்னது உண்மை. அதற்கு என் கையும் ஒரு காரணம்.

சென்னையில் ஒரு நிறுவனத்தில் 9 ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். வெளிநாட்டு வீடியோ கேம்களுக்கு வேண்டிய கட்டடங்களையும் பொருட்களையும் கம்ப்யூட்டரில் முப்பரிமாணமாகச் செய்துகொடுப்பது என் தொழில். கோட்டை வாசல், தொங்கு பாலம், மதுக்கடை, மரப் பீப்பாய், கணப்பு அடுப்பு. நான் செய்த பீப்பாய்களை அடுக்கினால் ஒரு தெரு நிறையும். அப்படி ஒரு பீப்பாயை நேரில் பார்த்ததே இல்லை. ஆனால் அதன் பலகையில் ஈரம் எந்தப் பக்கம் ஊறும், இரும்புப் பட்டை எங்கே துருப்பிடிக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். எங்கள் வீட்டில் சாமை கொட்டி வைத்த குதிர் ஒன்றை வரையச் சொன்னால் யோசிக்க வேண்டியிருக்கிறது.

மாயாஜாலமும் வீரதீரமும் கலந்த இந்த வகை விளையாட்டை 'பேன்டசி கேம்' என்பார்கள். அதன் உலகம் ஏன் எப்போதும் பழைய ஐரோப்பாவாகவே இருக்கிறது? ஆங்கிலப் பேராசிரியர் டோல்கீன், வட ஐரோப்பியப் பழங்கதைகளிலிருந்து குள்ளர்களையும் எல்ஃப்களையும் எடுத்து 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவலை எழுதினார். 1954, 55இல் அது மூன்று பகுதிகளாக வந்தது. 1974இல் அமெரிக்காவில் 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்ற மேசை விளையாட்டு வந்தது. அதற்குள்ளும் அந்தக் குள்ளர்கள் குடியேறினார்கள். அதை ஆடி வளர்ந்தவர்கள் பலர் பிறகு கம்ப்யூட்டர் விளையாட்டு செய்ய வந்தார்கள். பாதாள அறை, காவல் காக்கும் பூதம், கொன்றால் புதையல் என்ற ஏற்பாடு அப்படியே தொடர்ந்தது. அவர்களுக்கு அது பாட்டன் சொத்து, எடுத்தாண்டார்கள். அதில் தவறில்லை. மற்றவர்களும் அதையே தங்கள் கனவாக வைத்துக்கொண்டதுதான் எனக்கு வலிக்கிறது.

ஒருமுறை, பாழடைந்த ஊர் ஒன்றைக் கற்பனையாகச் செய்யச் சொன்னார்கள். நான் கீழ்ச்செப்பிலியை நினைத்துக்கொண்டு செய்தேன். ஜவ்வாது மலையில் இருக்கும் அந்த ஊரருகே பாறை மேல் கற்திட்டைகள் கூட்டமாக நிற்கின்றன. சுற்றிலும் பலகைக் கற்களை நிறுத்தி, மேலே ஒரு பெரிய கல்லை மூடியாகப் போட்டவை. பெருங்கற்காலத்து ஈமச்சின்னங்கள் என்று தொல்லியல் அறிஞர்கள் சொல்வார்கள். எங்கள் மலை மக்கள் வாலியர் வீடு என்பார்கள். நான் அனுப்பிய படம் மறுநாளே திரும்பி வந்தது. 'இதில் பேன்டசி இல்லை' என்று ஒரு வரி. அந்தக் கற்களின் மேல் பாசி படரவிட்டு, பின்னல் பின்னலாகக் கோலம் செதுக்கி அனுப்பினேன். உடனே ஏற்றுக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகுதான் மலைபடுகடாத்தை முழுதாகப் படித்தேன். பள்ளியில் பத்துப்பாட்டின் பெயர்களை மனப்பாடம் செய்ததோடு சரி. பெருங்கௌசிகனார் பாடிய அந்த 583 அடிப் பாட்டு எங்கள் மலையடிவாரத்துச் செங்கத்தை ஆண்ட நன்னனைப் பற்றியது. அதில் வரும் சேயாறு ஜவ்வாது மலையில் பிறக்கிற செய்யாறு. அதில் வரும் நவிர மலைதான் இன்றைய பர்வத மலை என்கிறார்கள்.

கூத்தராற்றுப்படை என்று அதற்கு இன்னொரு பெயர் உண்டு. நன்னனிடம் பரிசு வாங்கித் திரும்புகிற கூத்தன், எதிரே பசியோடு வருகிற கூத்தர் கூட்டத்துக்கு வழி சொல்கிறான். வெறும் புகழ்ச்சி இல்லை, ஒவ்வொரு வளைவும் திருப்பமும் சொல்கிறான். பன்றிக்குக் கல் பொறி வைத்திருப்பார்கள், விடிந்த பிறகு நடங்கள். தினைப்புனத்துக் காவலர்கள் யானையை விரட்டக் கவண் கல் வீசுவார்கள், மரத்தின் மறைவில் போங்கள். இன்ன சிற்றூரில் நன்னனின் கூத்தர் என்று சொல்லுங்கள், உறவினரைப் போலச் சோறு போடுவார்கள்.

இரண்டு இடங்களில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். ஒன்று: குறவர்களே திகைக்கிற மலையில் வழி தவறிவிட்டால் என்ன செய்வது? நடக்காதீர்கள், அகலமான பாறையில் எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து வாத்தியங்களை வாசியுங்கள் என்கிறான். காவல் காப்பவர்கள் சத்தம் கேட்டு இறங்கி வந்து, பழம் கொடுத்து, வழி காட்டுவார்களாம். இரண்டாவது: பாதை பிரியுமிடத்தில் தரையைத் துடைத்துச் சீராக்கி, புல்லை முடிந்து வைத்துவிட்டுப் போங்கள். பின்னால் வருகிற புதியவர்களுக்கு அது அடையாளம்.

என் தொழிலில் இருப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். 2019இல் ஹிடியோ கொஜிமா செய்த 'டெத் ஸ்ட்ராண்டிங்' விளையாட்டில், ஒருவர் நட்டு வைத்த ஏணியும் கயிறும் எங்கோ இன்னொருவருடைய திரையில் தோன்றி அவருக்கு உதவும். உலகமே வியந்தது. ஏறக்குறைய அதே எண்ணம் செய்யாற்றங்கரையில் புல் முடிச்சாக இருந்திருக்கிறது.

அதனால்தான் சொல்கிறேன், வேறு மண்ணிலிருந்து கதை எடுப்பது என்றால் கோட்டைக்குப் பதில் கோபுரம், வாளுக்குப் பதில் சுருள்வாள் வைப்பது இல்லை. அது வேஷம் மாற்றுவது. விளையாட்டின் விதியே மாற வேண்டும். வழி தவறினால் வாசி. ஊர் வந்தால் பெயர் சொல்லிச் சோறு கேள். கொல்வதற்குப் பதில் முடிச்சுப் போட்டுவிட்டுப் போ. இப்படி ஒரு விளையாட்டை நான் இதுவரை ஆடியதில்லை.

இப்படி எடுக்க எங்கள் பக்கத்தில் இருக்கும் கதைகளில் எடத்தனூர் நடுகல் இன்னொன்று. செங்கம் வட்டாரம் நடுகற்களுக்குப் பேர்போனது. எடத்தனூர்க் கல் 7ஆம் நூற்றாண்டு, மகேந்திரவர்ம பல்லவன் காலம். எருமைகளைக் காக்கப் போராடி இறந்த கருந்தேவக்கத்தி என்ற வீரன் அதில் நிற்கிறான். பக்கத்தில் ஒரு நாய். அதன் பெயர் கோவிவன். கள்ளரைக் கடித்து, காத்து நின்றது என்று கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். நாயின் பெயரை 1,400 ஆண்டு காப்பாற்றி வைத்த ஊர்கள் எங்களுடையவை.

தங்கள் கதைகளை எடுக்க மற்றவர்கள் துணிந்துவிட்டார்கள். அலாஸ்காவில் இன்யுபியாட் பழங்குடிப் பெரியவர்களைக் கூட வைத்துக்கொண்டு, அவர்கள் மொழியிலேயே கதை சொல்லும் 'நெவர் அலோன்' 2014இல் வந்தது. 2024இல் சீனாவின் 'பிளாக் மித்: வுகாங்', அவர்களுடைய குரங்கு வீரன் கதைதான், மூன்றே நாளில் 1 கோடி பிரதி விற்றது. புனேயில் உருவான 'ராஜி' 2020இல் வந்தது. கனடாவில் நம் தமிழ்ப் பிள்ளைகள் செய்த 'வெண்பா' 2023இல் வந்தது. அது மாயாஜாலம் இல்லை, இட்லியும் புட்டும் செய்கிற ஒரு தாயின் கதை. ஆனாலும் தமிழ்ச் சமையலறை ஒன்றை உலகம் கூர்ந்து பார்த்தது. அதை ஆடிய அன்று அழுதேன்.

விடுமுறை முடிவதற்குள் அக்கா மகனைக் கீழ்ச்செப்பிலிக்குக் கூட்டிப்போனேன். கற்திட்டை அவன் இடுப்பளவுதான் இருந்தது. மூடுகல்லின் அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தான். குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தான். காய்ந்த இலையும் கொஞ்சம் இருட்டும்தான்.

"உள்ள போனா என்ன மாமா கிடைக்கும்?"

"ஒண்ணும் கிடைக்காதுடா. செத்தவங்களுக்குக் கட்டினது. புதையல் இருக்குன்னு நினைச்சுத்தான் பல ஊர்ல இத மாதிரி கல்லப் பொரட்டிப் போட்டுட்டாங்க."

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. என் பையிலிருந்து நோட்டை எடுத்து, பாறை மேல் உட்கார்ந்து வரைந்தான். கற்திட்டைகள், நடுவில் ஒற்றையடிப் பாதை, வெளியே முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும் ஒரு ஆள்.

"இந்த கேம்ல உள்ள போகவே கூடாது மாமா. ராத்திரி முழுக்க காவல் இருக்கணும். பொழுது விடிஞ்சா ஜெயிச்சோம்."

பென்சிலைத் திருப்பிக் கொடுத்தவன், மறுபடி வாங்கிக்கொண்டான்.

"தனியா நின்னா பயமா இருக்கும். பக்கத்துல ஒரு நாய் வேணும்."