வாயில்லா ஜீவனுக்கு வலியில்லாமல் விடை கொடுங்கள்!

உங்கள் வீட்டில் நாயோ பூனையோ இருக்கிறதா? அது துள்ளி விளையாடிக்கொண்டிருக்கும் இந்த நாளிலேயே இதைப் படித்து வைத்துக்கொள்ளுங்கள். தேவைப்படுகிற நாளில் நிதானமாக உட்கார்ந்து படிக்க உங்களால் முடியாது.

'சித்த வைத்தியருக்கும் நாய் பூனைக்கும் என்ன சம்பந்தம்?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். மூட்டு வலிக்கும் சர்க்கரைக்கும் மருந்து வாங்க வருகிறவர்களில் சிலர், எழுந்து போகிற நேரத்தில் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள்: "ஐயா, எங்க வீட்டு நாய்க்குப் பதினாலு வயசாச்சு. பத்து நாளா எழுந்திருக்கல. படுத்த இடத்துலயே எல்லாம். பார்க்கச் சகிக்கல. ஏதாவது மூலிகை இருந்தா குடுங்களேன், நோவு தெரியாம போயிடட்டும்."

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துத் தறி வீட்டுக்காரரும் கேட்கிறார், பேங்க் வேலையில் இருப்பவரும் கேட்கிறார். எல்லோருக்கும் என் பதில் ஒன்றுதான். மூலிகை கிடையாது. ஆனால் வழி இருக்கிறது.

எட்டிக்கொட்டை வேண்டவே வேண்டாம்!

'எட்டிக்கொட்டையை அரைத்துக் கொடுத்தால் போதும்' என்று தெருவில் யாராவது சொல்வார்கள். எட்டியை நாங்கள் முறைப்படி சுத்தி செய்து, மிகக் குறைந்த அளவில் மருந்தில் சேர்ப்பது உண்டு. சுத்தி செய்யாத எட்டியில் இருக்கிற ஸ்டிரிக்னைன் என்ற நஞ்சு என்ன செய்யும் தெரியுமா? தண்டுவட நரம்புகளுக்கு இருக்கிற கடிவாளத்தை அறுத்துவிடும். உடம்பு வில்லாக வளைந்து, வெட்டி வெட்டி இழுக்கும். நினைவு மட்டும் தப்பாது. கடைசியில் மூச்சுத் தசைகள் இறுகி உயிர் போகும். எதைத் தவிர்க்க நினைத்தோமோ, அதைவிடப் பெரிய கொடுமை இது.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம், ஸ்டிரிக்னைன் ஊசியைப் பெயர் சொல்லியே குற்றமாக்கியிருக்கிறது. இந்தச் சட்டத்துக்கு வித்திட்டவர் நம் கலாக்ஷேத்ராவின் ருக்மிணி தேவி அருண்டேல். மாநிலங்களவையில் இதற்காகத் தனிநபர் மசோதா கொண்டுவந்து போராடியவர். 1962-ல் அமைந்த பிராணிகள் நல வாரியத்துக்கு முதல் தலைவரும் அவரே.

அரளி, பூச்சி மருந்து, எலி மருந்து எல்லாமே இதே கதைதான். 'தூக்க மாத்திரை கொடுத்தா தூங்கிடுமே?' என்றால், அதுவும் ஆகாது. வாந்தி, தள்ளாட்டம், அரை மயக்கம் என்று இரவு முழுக்க அவதிப்பட்டு, காலையில் உயிரோடே கிடக்கும். வயதான நாயைக் கோயில் வாசலிலோ மார்க்கெட்டிலோ விட்டுவிட்டு வருகிறார்களே, பசியில் வாடும் என்று தெரிந்தே அப்படிக் கைவிடுவதையும் அதே சட்டம் கொடுமை என்றுதான் சொல்கிறது.

இன்னொன்று. பிராணிகளுக்கு வைத்தியம் பார்க்கும் உரிமை, 1984-ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கழகச் சட்டப்படி, பதிவு பெற்ற கால்நடை மருத்துவருக்கே உரியது. என்னைப் போன்ற சித்த மருத்துவர் உள்ளே நுழையக் கூடாது. ஆகவே இந்தக் கட்டுரையை வைத்தியமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வழிகாட்டலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

சாத்தியமா, அசாத்தியமா?

சித்த மருத்துவத்தில் நோய்களைச் சாத்தியம், அசாத்தியம் என்று பிரிப்போம். முன்னது தீரும், பின்னது தீராது. எந்த முடிவுக்கும் முன்னால் இதைத்தான் கேட்க வேண்டும்.

ஏனென்றால், 'இனி அவ்வளவுதான்' என்று நினைக்க வைக்கிற பல நோய்கள் தீரக்கூடியவை. உண்ணிக் காய்ச்சலில் நாய் சோறு தின்னாது, மூக்கில் ரத்தம்கூட வரும். நேரத்தோடு மருந்து கொடுத்தால் பெரும்பாலும் தேறிவிடும். பெட்டை நாய்க்குக் கர்ப்பப்பையில் சீழ் பிடித்தால் துவண்டு விழும். ஆபரேஷன் செய்தால் பிழைக்க வாய்ப்பு நிறைய. பிறப்புறுப்பில் ரத்தம் கசிகிற ஒரு வகைக் கட்டி, வாரம் ஒரு வின்கிறிஸ்டின் ஊசியிலேயே கரைந்துவிடும். அந்த மருந்து பிறந்தது நம் வீட்டு வாசலில் பூக்கிற நித்தியகல்யாணிச் செடியிலிருந்து! அதற்காக இலையை அரைத்துக் கொடுத்துவிடாதீர்கள், அது விஷம்.

அதேபோல் நம் வலி மாத்திரைகளையும் கொடுக்கக் கூடாது. பாராசிட்டமால் ஒரே மாத்திரை போதும், பூனையின் உயிரைக் குடிக்க.

முற்றிய சிறுநீரகச் செயலிழப்பு, பரவிவிட்ட புற்றுநோய், மருந்துக்குக் கட்டுப்படாத இதய நோய், தேறாத முதுகெலும்பு முறிவு... இவை அசாத்தியத்தின் பக்கம். இதைக் கால்நடை மருத்துவர் பரிசோதித்துச் சொல்ல வேண்டும். சந்தேகம் இருந்தால் சென்னை வேப்பேரியில் 1903 முதல் இயங்கும் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையில் இரண்டாவது அபிப்பிராயம் கேளுங்கள்.

ஓர் எச்சரிக்கை. நாயின் குணம் திடீரென்று மாறி, எச்சில் ஒழுகி, விழுங்க முடியாமல் தவித்தால் வெறிநோயாக இருக்கலாம். தொடாதீர்கள். தனியே விட்டுக் கதவைச் சாத்திவிட்டு மருத்துவருக்குச் சொல்லுங்கள். கடியோ கீறலோ பட்டிருந்தால் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடுகிற தண்ணீரில் கழுவி, உடனே அரசு மருத்துவமனைக்கு ஓடுங்கள். மடியில் வைத்து வழியனுப்புகிற பேச்செல்லாம் அந்த நாய்க்குப் பொருந்தாது.

'பாவம் இல்லையா டாக்டர்?'

நோய் தீராது என்று தெரிந்த பிறகு வருகிற கேள்வி இது. இதே கேள்வி காந்திஜிக்கும் வந்தது. 1928-ல் சபர்மதி ஆசிரமத்தில் ஒரு கன்றுக்குட்டி ஊனப்பட்டு, புரண்டு படுக்கக்கூட முடியாமல் துடித்துக்கொண்டிருந்தது. இனிப் பிழைக்காது என்று மருத்துவர் கைவிரித்துவிட்டார். காந்திஜி ஆசிரமவாசிகளிடம் ஆலோசனை கேட்டார். எதிர்ப்பும் இருந்தது. கடைசியில் ஒரு டாக்டரை வரவழைத்து ஊசி போடச் செய்தார். இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது. நாடெங்கும் கண்டனம்! 'அகிம்சை பேசுகிறவர் பசுவின் கன்றைக் கொல்லலாமா?' என்று கடிதங்கள் குவிந்தன.

அவர் சொன்ன விளக்கத்தின் சாரம் இதுதான்: யாருடைய நன்மைக்காகச் செய்கிறோம் என்று பார்க்க வேண்டும். கன்றின் துன்பத்தைத் தீர்க்கச் செய்தது அகிம்சையில் சேரும். பயிரைத் தின்கிற குரங்கை நம் நன்மைக்காகக் கொன்றால் அது இம்சைதான்.

உங்கள் வீட்டிலும் இந்த ஒரே அளவுகோலைப் பிடியுங்கள். 'வீடெல்லாம் நாறுது', 'வெளியூர் போகணும், யார் பார்த்துப்பா?' என்பதற்காக ஊசி போட்டால் அது நமக்காகச் செய்வது. 'என்னால தாங்க முடியாது, இன்னும் ஒரு வாரம் இருக்கட்டும்' என்று தள்ளிப் போடுகிறோமே, அதுவும் நமக்காகத்தான்! முதலாவதை எல்லோரும் கண்டிப்பார்கள். இரண்டாவது பாசம் என்ற பெயரில் தப்பித்துக்கொள்கிறது. அங்கே வலியைச் சுமப்பது அந்த ஜீவன்.

'அப்ப மனுஷனுக்கு?' என்பீர்கள். அது வேறு. 2018-ல் உச்ச நீதிமன்றம், தேறவே முடியாத நிலையில் செயற்கைச் சுவாசம் போன்றவற்றைக் கடுமையான நிபந்தனைகளோடு விலக்கிக்கொள்ள அனுமதித்தது. ஊசி போட்டு உயிரை முடிக்க மனிதர்களுக்கு அனுமதி இல்லை. மனிதன் தன் விருப்பத்தைச் சொல்ல முடியும். வாயில்லா ஜீவனுக்கு நாம்தான் வாய்.

நாளைக் கணக்கிடுங்கள்

நாய் வலியில் கத்தும் என்று நினைக்காதீர்கள். பெரும்பாலும் கத்தாது. ஓய்வில் இருக்கும்போதே மூச்சிரைக்கும், ராத்திரியில் இடம் மாறி மாறிப் படுக்கும், தொட்டால் விலகும். பூனை கட்டிலுக்கடியில் ஒளிந்துகொள்ளும், உடம்பை நக்கிச் சுத்தம் செய்வதை விட்டுவிடும். 'பிஸ்கட் கொடுத்தா தின்னுதே!' என்பதை மட்டும் நம்பாதீர்கள்.

அமெரிக்கக் கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் 2004-ல் ஓர் எளிய கணக்கைத் தந்தார். ஏழு கேள்விகள்: வலியும் மூச்சுத் திணறலும் கட்டுக்குள் இருக்கிறதா? போதுமான அளவு சாப்பிடுகிறதா? உடம்பில் நீர்ச்சத்து இருக்கிறதா? சுத்தமாக வைத்திருக்க முடிகிறதா? உங்களைக் கண்டால் சந்தோஷப்படுகிறதா? நடமாடுகிறதா? கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் அதிகமா?

ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை மார்க். மொத்தம் 70-க்கு 35-க்கு மேல் வந்தால் பராமரிப்பைத் தொடரலாம். வீட்டில் நாலு பேர் இருந்தால் நாலு பேரும் தனித்தனியாகப் போடுங்கள். தினசரி காலண்டரில் நல்ல நாளுக்கு ஒரு டிக், கெட்ட நாளுக்கு ஒரு பெருக்கல் குறி. இரண்டு வாரத்தில் காலண்டரே உங்களுக்குச் சொல்லிவிடும்.

வீட்டிலேயே எப்படி நடக்கும்?

பல கால்நடை மருத்துவர்கள் வீட்டுக்கே வருவார்கள். முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். எழுத்து மூலம் சம்மதக் கையெழுத்து வாங்குவார்கள். கட்டணத்தை முதலிலேயே கொடுத்துவிடுங்கள். முடிந்த பிறகு பர்ஸைத் தேடுகிற மனநிலை இருக்காது.

அது வழக்கமாகப் படுக்கிற இடமே போதும். தறி இருக்கிற வீடா? தறியை நிறுத்த வேண்டாம். பிறந்ததிலிருந்து கேட்ட சத்தம் அதற்கு ஆறுதல்தான். ஆனால் வரதராஜப் பெருமாள் கருட சேவை மாதிரி, மேளமும் கூட்டமுமாகத் தெருவே அமர்க்களப்படுகிற நாள் வேண்டாம். அடியில் பிளாஸ்டிக் விரிப்பு, மேலே பழைய புடவை. சாப்பாடு கொடுக்கலாமா என்று மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். பாட்டி தீர்த்தம் கொடுக்க ஆசைப்பட்டால், ஒரு சொட்டு நாக்கில் தடவட்டும். ஊற்றினால் புரையேறும்.

முதலில் தசையிலோ தோலுக்கடியிலோ ஒரு மயக்க ஊசி. ஐந்து முதல் பதினைந்து நிமிடத்தில் ஆழ்ந்து உறங்கும். 'முதலில் மயக்கம் கொடுப்பீர்களா?' என்று நீங்களே கேளுங்கள், தவறில்லை. பிறகு முன்னங்கால் நரம்பில், பார்பிட்டுரேட் வகை மயக்க மருந்தை அதிக அளவில் செலுத்துவார்கள். மூளை அடங்கும், மூச்சு நிற்கும், சில நிமிடத்தில் இதயமும் நிற்கும். ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்து உறுதி செய்வார்.

சில விஷயங்களைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். கண்கள் மூடாது. ஒன்றிரண்டு பெருமூச்சு வரலாம், தசை துடிக்கலாம், சிறுநீர் பிரியலாம். 'ஐயோ, உயிர் இருக்கே!' என்று பதற வேண்டாம். உணர்வு போன பிறகு உடம்பில் நடப்பவை இவை.

வீட்டில் இன்னொரு நாய் இருந்தால் ஊசி போடும்போது அருகில் விடாதீர்கள். தெருநாய்களுக்கான 2001-ஆம் ஆண்டு விதிகளே, ஒரு நாயின் முன்னிலையில் இன்னொரு நாயைக் கருணைக் கொலை செய்யக் கூடாது என்றன. முடிந்த பிறகு வந்து மோந்து பார்க்கட்டும். சிலது தேடி அலைவது அதனால் குறையலாம்.

பிறகு?

அடக்கம் செய்வதானால் நாலடி ஆழம் தோண்டுங்கள். கிணற்றுக்கும் போருக்கும் தள்ளி இருக்கட்டும். பாலாற்றிலோ வேகவதியிலோ, குப்பைத் தொட்டியிலோ போடவே கூடாது. உடம்பில் தங்கிய மருந்து, தின்கிற காகத்தையும் நாயையும் கொல்லும். மாடுகளுக்குக் கொடுத்த டைக்ளோஃபினாக் பிணத்தின் வழியே கழுகுகளை அழித்ததால்தானே 2006-ல் அதைக் கால்நடைகளுக்குத் தடை செய்தார்கள்! சொந்த இடம் இல்லாதவர்கள் நகராட்சியை, மாநகராட்சியை முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

குழந்தைகளிடம் 'ஊருக்கு அனுப்பிட்டோம்' என்று சொல்லாதீர்கள், வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும். 'தூங்க வச்சுட்டாங்க' என்றும் வேண்டாம், அப்புறம் தூங்கவே பயப்படும். "அதுக்கு ரொம்ப வலி. இனிமே சரியாகாதுன்னு டாக்டர் சொன்னாங்க. வலியில்லாம செத்துப்போக ஊசி போட்டாங்க" என்று நேராகச் சொல்லுங்கள். அழுதால் அழட்டும்.

தாத்தா பாட்டிகளையும் கவனியுங்கள். காலை நடையும் மாலைச் சோறும் அந்த நாயை வைத்தே ஓடியிருக்கும். 'நாய்க்குப் போய் அழறீங்களே!' என்று யாரும் சொல்ல வேண்டாம். தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் கெட்டால் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் ஊரில் வீட்டுக்கு வரக்கூடிய கால்நடை மருத்துவர் யார் என்று விசாரித்து, அவர் போன் நம்பரைக் காலண்டரின் மேல் எழுதி வையுங்கள். அவசரத்தில் கை எட்டிக்கொட்டையைத் தேடாது.